இரவில் தானாக இறங்கும் ஜாக்கி, மேலேற மறுக்கும் ஜாக்கி: மோட்டார் ஹோமின் லெவலிங் ஜாக்கிகளை நாமே பழுது பார்ப்பது குறித்து

பதிவு 1: நெடுவழி (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். தங்கும் வசதி கொண்ட எங்கள் மோட்டார் ஹோமில், நிறுத்தும்போது வண்டியை மட்டப்படுத்த, முன்புறம் இரண்டும் பின்புறம் இரண்டுமாக நான்கு ஹைட்ராலிக் (எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும்) லெவலிங் ஜாக்கிகள் உள்ளன. 12 வோல்ட் மோட்டாரில் ஓடும் ஒரே பம்பு, அதனோடு சேர்ந்த எண்ணெய்த் தொட்டி, ஒவ்வொரு ஜாக்கிக்கும் தனித்தனியாகச் சொலினாய்டு வால்வு (மின்காந்தத்தால் திறக்கும் வால்வு) பதித்த ஓர் இரும்புக் கட்டை, இவ்வளவுதான் அமைப்பு. வண்டிக்குப் பதினான்கு வயதாகிறது.

இப்போது இரண்டு ஜாக்கிகள் தொல்லை தருகின்றன. மாலையில் ரசமட்டம் வைத்துச் சரிபார்த்து நிறுத்திய வண்டி, காலையில் முன் இடது மூலையில் இரண்டு விரற்கடை தாழ்ந்து நிற்கிறது. ஆனால் தரையில் ஒரு சொட்டு எண்ணெய்கூட இல்லை. பின் வலது ஜாக்கியோ நேர்மாறானது. மற்ற மூன்றும் இரண்டு மூன்று நிமிடங்களில் உள்ளே போய்விட, இது அரை மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொள்கிறது. அதுவரை எச்சரிக்கை விளக்கு அணையாததால் புறப்படவும் முடிவதில்லை.

சென்ற ஆண்டு ஒரு பணிமனையில் முன் இடது ஜாக்கியின் ஹோஸை மாற்றினார்கள். அதற்குச் சில மாதங்கள் கழித்தே இறங்கும் தொல்லை தொடங்கியது என்பதால், சிலிண்டரின் சீல் (எண்ணெய் கசியாமல் தடுக்கும் வளையம்) போய்விட்டது என்று முடிவு செய்து ஒரு சீல் தொகுப்பு வாங்கி வைத்துள்ளேன். இந்த வார இறுதியில் சிலிண்டரைக் கழற்றலாம் என்று எண்ணுகிறேன். முன்பு செய்தவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதிவு 2: பட்டறைவாசி

நெடுவழி அவர்களே, சீல் தொகுப்பை இப்போதைக்குப் பிரிக்காமல் வையுங்கள். நீங்கள் எழுதியதில் சிலிண்டரைக் குற்றம் சொல்லும் சான்று எதுவும் இல்லை. அதை விடுவிக்கும் சான்றே இருக்கிறது.

இவ்வகை ஜாக்கிகளில் பெரும்பாலானவை ஒருவழிச் சிலிண்டர்கள். எண்ணெய் அழுத்தம் தண்டைக் கீழே தள்ளுவதற்கு மட்டுமே. மேலே இழுப்பது வெளியே தெரியும் ஸ்பிரிங்குகளின் வேலை. எனவே ஜாக்கி தாழ்கிறது என்றால் சிலிண்டருக்குள் அடைபட்டிருந்த எண்ணெய் வெளியேறுகிறது என்று பொருள், அவ்வாறு வெளியேற இரண்டே வழிகள்தான் உண்டு. ஒன்று, தண்டைச் சுற்றியுள்ள சீல் வழியாகவோ ஹோஸ், இணைப்பு வழியாகவோ தரைக்கு வருவது. மற்றொன்று, சரியாக மூடாத வால்வு வழியாகத் தொட்டிக்கே திரும்புவது. தரை உலர்ந்திருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். தண்டின் அடியிலும் பாதத்தட்டிலும் எண்ணெய் ஈரம் இல்லாவிட்டால், எண்ணெய் தொட்டிக்குத்தான் போகிறது. சீலை மாற்றினாலும் மறுநாள் காலையில் அதே மூலை அதே அளவுக்குத் தாழ்ந்திருக்கும்.

வால்வைத் தொடுவதற்கு முன் இரண்டு சிறு சோதனைகள் செய்யுங்கள். முதலாவது, மின்சாரம் இல்லாத நேரத்தில் ஜாக்கியைக் கையால் திறந்து மேலேற்றுவதற்கு வால்வின் தலையிலோ பக்கத்திலோ ஒரு திருகு இருக்கும். அதை யாரேனும் ஒருமுறை திறந்துவிட்டு முழுவதும் மூடாமல் விட்டிருந்தால், கால் சுற்று இடைவெளி போதும், இரவு முழுவதும் எண்ணெய் நழுவும். நான் கண்ட ‘கெட்டுப்போன’ ஜாக்கிகளுள் சில இந்தத் திருகை இறுக்கியதுமே குணமாயின.

இரண்டாவது, எவ்வளவு தாழ்கிறது என்பதைக் கண்ணால் மதிப்பிடாமல் தண்டிலேயே அளந்து பாருங்கள். எண்ணெய் குளிர்ந்தால் சுருங்கும். ஹைட்ராலிக் எண்ணெயின் கன அளவு ஒரு டிகிரி செல்சியஸ் குறைவுக்கு ஏறத்தாழ 0.07 விழுக்காடு குறைகிறது. தண்டு 30 செ.மீ. நீண்டிருந்து, இரவில் வெப்பம் 20 டிகிரி இறங்கினால், எந்தக் கசிவும் இல்லாமலேயே தண்டு சுமார் 4 மி.மீ. உள்ளே போகும். இதைக் கசிவென்று எண்ணி நல்ல வால்வைக் கழற்றிக் கெடுத்தவர்களும் இருக்கிறார்கள். மாலையில் தண்டில் வெளியே தெரியும் நீளத்தையும் காற்றின் வெப்பநிலையையும் குறித்துக்கொண்டு, காலையில் வெயில் ஏறுமுன் மீண்டும் அளந்து எழுதுங்கள்.

பதிவு 3: ஆற்றங்கரை முகாம்

பழுது பற்றிய பேச்சு மேலும் செல்வதற்கு முன் ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் இதில் கவலை கொள்ளாமல் இருக்க என்னால் முடியவில்லை. லெவலிங் ஜாக்கி என்பது வண்டியை மட்டப்படுத்துவதற்கானது. மனிதன் அடியில் படுத்து வேலை செய்வதற்கான தாங்கி அன்று. அதிலும் நீங்கள் கழற்றப் போவது அந்த ஜாக்கியின் வால்வையே. 5 செ.மீ. விட்டமுள்ள ஒரு சிலிண்டரில் 200 பார் அழுத்தம் இருந்தால் அது தாங்கும் சுமை ஏறத்தாழ 4 டன்; அந்தச் சுமை முழுவதையும் ஒரு வால்வின் இருக்கைதான் (வால்வின் ஊசி உட்கார்ந்து அடைக்கும் வளையம்) பிடித்துக்கொண்டிருக்கிறது.

ஆகவே, உறுதியான சமதளத்தில் நிறுத்தி, சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை வைத்து, சேஸிஸ் சட்டத்துக்கு அடியில் எடைக்கு ஏற்ற இரும்புத் தாங்கிகளைக் கொடுத்து, சுமையை அவற்றின் மீது இறக்கிய பிறகே அடியில் செல்லுங்கள். பின் சக்கரங்களைத் தரையை விட்டுத் தூக்காதீர்கள். பெரும்பாலான வண்டிகளில் கைப்பிரேக் பின் சக்கரங்களையோ அவற்றைச் சுழற்றும் தண்டையோதான் பிடிக்கிறது. அவை காற்றில் இருக்கும்போது முன் சக்கரங்கள் உருளத் தடையேதும் இல்லை. காற்றுப்பை சஸ்பென்ஷன் உள்ள வண்டியானால் இன்னும் எச்சரிக்கை தேவை. பையிலிருந்து காற்று இறங்கும்போது வண்டியின் உடல் பல அங்குலம் திடீரெனத் தாழும், அந்த இடைவெளியில்தான் நம் மார்பு இருக்கும்.

பதிவு 4: நெடுவழி

இருவருக்கும் நன்றி. தாங்கிகளை நான் பயன்படுத்தியதே இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். இப்போது நான்கு வாங்கிவிட்டேன்.

கைத்திருகு நான்கிலும் இறுக்கமாகவே உள்ளது. அளவெடுத்ததில், மாலை 25 செ.மீ. நீண்டிருந்த தண்டு எட்டு மணி நேரத்தில் 38 மி.மீ. உள்ளே போயிருந்தது. வெப்பநிலை குறைந்தது 9 டிகிரி மட்டுமே. நீங்கள் சொன்ன கணக்கின்படி 2 மி.மீ.கூடக் குறைந்திருக்கக் கூடாது. பாதத்தட்டைத் துடைத்து வெள்ளைத் தாள் விரித்தும் பார்த்தேன், கறை இல்லை. அப்படியானால் வால்வுதானா, அதை எப்படி உறுதி செய்வது?

பதிவு 5: பட்டறைவாசி

உறுதி செய்யும் வழி எளியது: தவறு எதனோடு நகர்கிறது என்று பாருங்கள். முன் இடது வால்வையும், ஒழுங்காக நிற்கும் முன் வலது வால்வையும் இடம் மாற்றிப் பொருத்துங்கள். மறுநாள் காலையில் வலது மூலை தாழ்ந்திருந்தால் குற்றம் வால்வில். இடதே மீண்டும் தாழ்ந்தால் வால்வுக் கட்டையின் இருக்கையிலோ அதற்கு அப்பாலோ. புதிய வால்வு வாங்கிப் பொருத்திப் பார்ப்பதைவிட இதற்குச் செலவு இல்லை, விடையிலும் ஐயம் இருக்காது.

சில குறிப்புகள். வெளியே இருக்கும் காயிலை மட்டும் மாற்றினால் பயனில்லை. காயில் வால்வைத் திறக்கும் மின்காந்தம்தான், எண்ணெயைப் பிடித்து நிற்பது உள்ளே திருகப்பட்ட வால்வுத் தண்டே. நான்கு ஜாக்கிகளையும் முழுவதுமாக மேலேற்றி, கைத்திருகுகளைத் திறந்து மீதமுள்ள அழுத்தத்தை விடுவித்து, பாட்டரியின் எர்த்தைக் கழற்றிய பின் வேலையைத் தொடங்குங்கள். கம்பிகளில் எந்த ஜாக்கி என்று எழுதி ஒட்டுங்கள். கட்டையின் வெளிப்புறத்தை முதலில் நன்றாகக் கழுவித் துடையுங்கள். இந்த அமைப்புக்கு மணல் ஒரு துகள் போதும், வால்வு ஒன்று போய்விடும். திருகும்போது ஸ்பேனரில் வலுவைக் காட்டாதீர்கள். மிகையாக இறுக்கினால் வால்வின் மெல்லிய உடல் நெளிந்து உள்ளேயுள்ள ஊசி சிக்கிக்கொள்ளும், இல்லாத பழுதை நாமே உண்டாக்கியவர்கள் ஆவோம்.

இறங்கும் ஜாக்கியில் கசிவு தேடும்போது விரலால் தடவிப் பார்க்கும் பழக்கம் பலருக்கு உண்டு. தயவுசெய்து வேண்டாம். அழுத்தம் உள்ள ஹோஸின் ஊசிமுனைத் துளையிலிருந்து வரும் எண்ணெய் தோலைத் துளைத்துத் தசைக்குள் சென்றுவிடும். வெளியே முள் குத்தியது போலத்தான் தெரியும். உள்ளே திசு அழுகி விரலையே எடுக்க நேரிடும். அட்டைத் துண்டை நீட்டிப் பாருங்கள், கண்ணாடி அணியுங்கள். ஒருவேளை அப்படிப் பட்டுவிட்டால், வலி இல்லாவிட்டாலும் உடனே மருத்துவமனைக்குச் சென்று, உயர் அழுத்த எண்ணெய் உள்ளே போயிருக்கிறது என்று சொல்ல வேண்டும்.

பதிவு 6: மின்கம்பி

பின் வலது ஜாக்கியைப் பற்றி யாரும் பேசவில்லை. அங்கே முதல் ஐயம் மின்சாரத்தின் மீதா, இயந்திரத்தின் மீதா என்று பிரிக்க ஒரு குறுக்குவழி உண்டு. ஜாக்கியை இறக்கிவிட்டு, பொத்தானைத் தொடாமல் அதன் கைத்திருகைத் திறந்து விடுங்கள். மற்றவற்றைப் போல விரைவாக மேலேறினால் ஸ்பிரிங்கும் தண்டும் நலமாக உள்ளன, வால்வைத் திறக்கும் மின்சாரத்தில்தான் குறை. அப்போதும் தயங்கித் தயங்கி ஏறினால் மின்கம்பிகளை நிம்மதியாக மறந்துவிடலாம்.

மின்சாரக் குறை என்றால் பார்க்க வேண்டியவை அதிகம் இல்லை. காயிலின் தலையில் ஸ்க்ரூடிரைவரின் நுனியை வைத்து, வேறொருவரைப் பொத்தானை அழுத்தச் சொன்னால், காந்தம் நுனியை இழுப்பது கைக்குத் தெரியும். இழுக்காவிட்டால் மல்டிமீட்டரில் நான்கு காயில்களின் மின்தடையையும் அளந்து ஒப்பிடுங்கள். நான்கும் ஏறத்தாழ ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் அளவே காட்டாவிட்டால் உள்ளே கம்பி அறுந்துள்ளது.

பம்பே களைத்தாற்போல் ஓடுகிறது என்பவர்களுக்கும் ஒரு சொல். சுமையில் இந்த மோட்டார் 100 ஆம்பியருக்கு மேல் இழுக்கக்கூடும். எர்த் இணைப்பில் துருவேறி 0.01 ஓம் தடை கூடினாலே, 100 ஆம்பியரில் ஒரு முழு வோல்ட் அங்கே வீணாகும். பாட்டரியை மாற்றுவதற்கு முன் மீட்டரின் ஒரு முனையைப் பாட்டரியின் எதிர்மின் முனையிலும் மற்றொன்றைப் பம்பின் உடலிலும் வைத்து, பம்பு ஓடும்போது அளந்து பாருங்கள். அங்கே அரை வோல்ட்டுக்கு மேல் தெரிந்தால் இணைப்பைச் சுரண்டிச் சுத்தம் செய்வதே மருந்து.

பதிவு 7: மலைச்சாலை

எங்கள் வண்டியிலும் ஒரு ஜாக்கி இப்படித்தான் தாமதித்தது. தண்டில் சாதாரண மசகு எண்ணெயை அடித்தேன், உடனே ஏறியது. அன்றிலிருந்து ஒவ்வொரு முகாமிலும் அடித்துவிடுகிறேன். மேலும், தொட்டியில் எண்ணெய் குறைந்தால் ஜாக்கிகள் இறங்கியிருக்கும்போதே கையில் இருக்கும் ஏதாவது ஹைட்ராலிக் எண்ணெயை ஊற்றுகிறேன், இதுவரை குறையில்லை. இவ்வளவு நுணுக்கம் தேவைதானா?

பதிவு 8: பட்டறைவாசி

மலைச்சாலை அவர்களே, உங்கள் ஜாக்கி ஏறியது உண்மைதான், ஆனால் நீங்கள் செய்வதை மற்றவர்கள் பின்பற்றுவதை நான் விரும்பவில்லை. காரணம் சொல்கிறேன்.

ஈரப்பசையுள்ள மசகு எண்ணெய் சாலைத் தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அடுத்த முறை தண்டு உள்ளே போகும்போது அந்தத் தூசிக் குழம்பு சீலின் உதட்டில் உரசும்; சில ஆண்டுகளில் சீலும் குரோம் பூச்சும் ஒன்றாகத் தேயும். தண்டைத் துணியால் துடைத்துச் சுத்தமாக்கி, உலர்ந்து படலமாகும் சிலிக்கோன் தெளிப்பைப் பூசுவதே முறை. கடற்கரையில் நிறுத்துபவர்களும், ஜாக்கியை வாரக்கணக்கில் இறக்கி வைப்பவர்களும் இதை அடிக்கடி செய்ய வேண்டும், ஏனெனில் வெளியே நீட்டியிருக்கும் குரோம் பகுதிதான் உப்புக்காற்றில் புள்ளி புள்ளியாகத் துருப்பிடிக்கிறது.

தொட்டியின் அளவை ஜாக்கிகள் அனைத்தும் மேலே இருக்கும்போதுதான் பார்க்க வேண்டும். இறங்கியிருக்கும்போது சிலிண்டர்களில் உள்ள எண்ணெயெல்லாம் தொட்டியில் இருக்காது. அப்போது நிரப்பினால், ஜாக்கிகள் ஏறும்போது அவ்வளவும் திரும்பி வந்து மூடி வழியே பொங்கும். எண்ணெய் வகையைப் பொறுத்தவரை, பல உற்பத்தியாளர்கள் டெக்ஸ்ரான் வகை ஆட்டோமேட்டிக் கியர் எண்ணெயைக் குறிப்பிடுகிறார்கள், குளிரில் அது கெட்டிப்படாமல் ஓடும் என்பது அதன் சிறப்பு. சிலர் தங்கள் சொந்த எண்ணெயையே கேட்கிறார்கள். தொட்டியின் மேல் ஒட்டியுள்ள சீட்டு சொல்வதைக் கேளுங்கள். பிரேக் எண்ணெய் மட்டும் ஒருபோதும் கூடாது. இந்தச் சீல்களில் பெரும்பாலானவை நைட்ரைல் ரப்பர், கிளைக்கால் சேர்ந்த பிரேக் எண்ணெயில் அது உப்பி நெகிழ்ந்துவிடும். எண்ணெய் பால்போல வெளுத்திருந்தால் நீர் கலந்துள்ளது, முழுவதையும் மாற்றுங்கள்.

பதிவு 9: நெடுவழி

மூன்று நாள் வேலைக்குப் பிறகு எழுதுகிறேன்.

வால்வுகளை இடம் மாற்றிய மறுநாள் காலையில் முன் வலது மூலை தாழ்ந்திருந்தது. இடது அசையவில்லை. குற்றவாளி வால்வேதான்! கழற்றி வெளிச்சத்தில் பார்த்தபோது, ஊசி உட்காரும் வளையத்தின் ஓரத்தில் வெள்ளை நார் ஒன்று ஒட்டியிருந்தது. நகத்தால் இழுத்தபோது டெஃப்லான் டேப் என்று புரிந்தது. சென்ற ஆண்டு ஹோஸை மாற்றியபோது இணைப்பில் அதைச் சுற்றியிருக்கிறார்கள். பழைய இணைப்பின் மரையிலும் அதன் மிச்சம் தெரிகிறது.

பின் வலது ஜாக்கியில் மின்கம்பி அவர்கள் சொன்னபடி கைத்திருகைத் திறந்தேன். அப்போதும் மெதுவாகவே ஏறியது. தண்டின் கீழ்ப்பகுதியில் மண் இறுகிப் படிந்திருந்தது. துடைத்தபின் பத்து நிமிடமாகக் குறைந்தது. அடுத்ததாக ஸ்பிரிங்குகளை அளந்தேன். ஜாக்கி முழுவதும் உள்ளே இருக்கும்போது இடது பக்க ஜாக்கியின் ஸ்பிரிங்குகளைவிட இவை தளர்ந்து தெரிகின்றன, ஒன்றின் கொக்கி அருகே விரிசலும் உள்ளது. இதை எப்படி மாற்றுவது? கையால் இழுத்துப் பார்த்தேன், அசையவே இல்லை.

பதிவு 10: பட்டறைவாசி

உங்கள் கண்டுபிடிப்பு எனக்கு வியப்பளிக்கவில்லை, வருத்தம்தான் அளிக்கிறது. கூம்பு முகம் கொண்ட 37 டிகிரி இணைப்புகளில் உலோகமே உலோகத்தோடு பொருந்தி அடைக்கிறது. மரை வெறும் இறுக்கத்துக்காக. அங்கே டேப் சுற்றுவதால் கசிவு நிற்பதில்லை, பிய்ந்த நார்தான் எண்ணெயோடு பயணம் செய்கிறது. ஜாக்கி ஏறும்போது எண்ணெய் அதே ஹோஸ் வழியாக வால்வை நோக்கித் திரும்பி வருவதால், நார் வந்து சேரும் இடம் வால்வு இருக்கையாகவே இருக்கும்.

ஒரு நாரை எடுத்ததோடு நிறுத்தாதீர்கள். அந்த ஹோஸின் இரு முனைகளையும் கழற்றி, மரைகளில் உள்ள டேப்பை ஒன்றுவிடாமல் எடுத்து, ஹோஸுக்குள் சுத்தமான எண்ணெய் விட்டுக் கழுவுங்கள். தொட்டியையும் வடித்து அடியில் உள்ள உறிஞ்சு வலையைப் பாருங்கள். வால்வைப் புதிய ஓ-ரிங்குகளோடு பொருத்துங்கள். இருக்கையில் கீறல் இருந்தால் மட்டும் வால்வை மாற்றினால் போதும். பின்பு ஜாக்கிகளை நான்கைந்து முறை இறக்கி ஏற்றி, இடையிடையே தொட்டியில் நுரை அடங்கக் காத்திருந்தால், உள்ளே புகுந்த காற்று தானே தொட்டிக்கு வந்துவிடும்.

இனி ஸ்பிரிங். கையாலோ கடப்பாரையாலோ நெம்பக் கூடாது. நழுவினால் முகத்துக்கு நேரே வரும். ஜாக்கியை இறக்கினால் ஸ்பிரிங் தானே நீளும். நீண்டிருக்கும்போது சுருள்களின் இடைவெளிகளில் ஒவ்வொன்றாக இரும்பு வாஷர்களைச் செருகுங்கள். பிறகு ஜாக்கியை மேலேற்றினால், வாஷர்கள் தடுப்பதால் ஸ்பிரிங் சுருங்க முடியாமல் நீண்டே நிற்கும். கொக்கி தளர்ந்து கையோடு வரும். புதியதையும் இவ்வாறே பிடிப்பானில் இழுத்து, வாஷர் நிரப்பி, ஜாக்கி மேலே இருக்கும்போது மாட்டி, ஜாக்கியை இறக்கினால் வாஷர்கள் உதிர்ந்துவிடும். வாஷர் நிரப்பிய ஸ்பிரிங் ஆற்றல் அடைபட்ட பொருள் என்பதை மறவாதீர்கள். கண்ணாடியும் தடித்த கையுறையும் வேண்டும், அதன் நேர்க்கோட்டில் முகம் வரக்கூடாது. விரிசல் உள்ளது ஒன்றாயினும் இரண்டையும் மாற்றுங்கள்; இழுவை சமமாக இல்லாவிட்டால் தண்டு சாய்ந்து உரசும்.

பதிவு 11: ஆற்றங்கரை முகாம்

உண்மையிலேயே தண்டருகே எண்ணெய் கசியும் ஜாக்கியை நான் பிரித்திருக்கிறேன் என்பதால், அதற்காக இந்த இழைக்கு வருபவர்களுக்குச் சில வரிகள். பிரிப்பதற்கு முன் தண்டின் குரோமை நகத்தால் நீளவாக்கில் வருடுங்கள். நகம் எங்காவது தட்டினால் அந்தக் குழி புதிய சீலையும் அறுக்கும். தண்டைச் சீராக்காமல் சீல் மாற்றுவது வீண். பழைய சீலை எடுக்க எஃகு ஊசியோ ஸ்க்ரூடிரைவரோ வேண்டாம், பள்ளத்தில் விழும் கீறல் நிரந்தரக் கசிவாகும். பித்தளை அல்லது பிளாஸ்டிக் கொக்கி போதும். எடுக்கும் முன் எந்த முகம் எந்தப் பக்கம் இருந்தது என்று படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கில யூ எழுத்து வடிவச் சீலின் திறந்த வாய் எண்ணெய் அழுத்தம் வரும் பக்கத்தைப் பார்க்க வேண்டும், அழுத்தமே அதன் உதடுகளை விரித்துத் தண்டோடு ஒட்டவைக்கிறது. தூசி துடைக்கும் வளையத்தின் உதடு வெளிப்புறத்தைப் பார்க்க வேண்டும். நான் முதல் முறை சீலைத் தலைகீழாகப் போட்டு, முழு வேலையையும் மீண்டும் செய்தேன். சீலை வெந்நீரில் சிறிது நேரம் வைத்தால் இளகும். தண்டின் மரை மீது வழுவழுப்பான நாடாவைச் சுற்றி, எண்ணெய் தடவி நகர்த்தினால் உதடு கிழியாது. வேலை முடிந்ததும் நாடாவை எடுத்துவிட வேண்டும்.

பதிவு 12: மலைச்சாலை

தண்டு பற்றிய விளக்கத்தை ஏற்றுக்கொள்கிறேன்; இன்று துடைத்தபோது துணி கறுத்து வந்தது. என் தம்பியின் வண்டியில் எண்ணெயே இல்லாத மின்சார ஜாக்கிகள் உள்ளன. அவற்றுக்கும் இவை பொருந்துமா?

பதிவு 13: மின்கம்பி

பொருந்தாது. அங்கே மோட்டார் பற்சக்கரம் வழியாக ஒரு திருகுத்தண்டைச் சுழற்றுகிறது. வால்வும் இல்லை, சீல் கசிவும் இல்லை. மோட்டார் ஓடியும் தண்டு அசையாவிட்டால் பற்சக்கரமோ அறுபடுவதற்கென்றே வைத்த ஊசியோ போயிருக்கும். மோட்டாரே ஓடாவிட்டால் ஃபியூஸ், இணைப்பு, பாட்டரி என்ற வரிசையில் பாருங்கள். கையால் சுழற்றும் அமைப்பு எங்கே இருக்கிறது என்பதை வீட்டில் இருக்கும்போதே தெரிந்துகொள்ளச் சொல்லுங்கள்.

பதிவு 14: நெடுவழி

ஸ்பிரிங்குகள் இரண்டையும் மாற்றிவிட்டேன். வாஷர் முறை சொன்னபடியே வேலை செய்தது. பின் வலது ஜாக்கி இப்போது இரண்டரை நிமிடத்தில் உள்ளே போகிறது. முன் இடது ஹோஸைக் கழுவியபோது மேலும் மூன்று வெள்ளை நார்கள் வந்தன. வால்வின் இருக்கையில் கீறல் இல்லாததால் அதையே புதிய ஓ-ரிங்குகளோடு பொருத்தினேன். நேற்றிரவு வெப்பநிலை 11 டிகிரி இறங்கியது, தண்டு 2 மி.மீ. உள்ளே போயிருந்தது. பெட்டியில் இருக்கும் சீல் தொகுப்பைத் திருப்பி அனுப்புகிறேன்.

தானியங்கி மட்டம் பார்க்கும் உணரியைச் சரிசெய்ய மறந்திருந்ததால் முதல் முயற்சியில் வண்டி சற்றுச் சாய்ந்தே நின்றது. தரையின் நடுவில் ரசமட்டம் வைத்து, கையால் நான்கு மூலைகளையும் சரிசெய்து, அந்த நிலையையே பூச்சியமாகப் பதிவு செய்தபின் சரியாகிவிட்டது. பின் வலது தண்டின் மேல்முனை அருகே நகம் தட்டும் இரண்டு புள்ளிகள் உள்ளன. முழுவதும் நீட்டினால் அல்லாமல் அவை சீலைத் தாண்டாது என்பதால் அந்த மூலைக்கு இனித் தடித்த பலகை வைத்து, தண்டை அதிகம் நீட்டாமல் பயன்படுத்தப் போகிறேன். ஆற்றங்கரை முகாம் அவர்களே, அந்தத் தண்டை நீங்கள் எவ்வாறு சீராக்கினீர்கள் என்று விரிவாக எழுத முடியுமா?

பதிவு 15: ஆற்றங்கரை முகாம்

எழுதுகிறேன். ஆனால் அதற்கு முன் அந்தப் புள்ளிகள் எவ்வளவு ஆழம் என்று தெரிய வேண்டும். தண்டைச் சுத்தமாகத் துடைத்து, பக்கவாட்டில் விளக்கைப் பிடித்து, அருகில் ஓர் அளவுகோலோடு படம் எடுத்து இங்கே போடுங்கள். குரோமுக்கு அடியில் பழுப்பு தெரிகிறதா, பூச்சு ஓரங்களில் உரிந்து நிற்கிறதா என்பதைப் பார்த்தபின்தான், மெருகேற்றினால் போதுமா, தண்டையே மாற்ற வேண்டுமா என்று சொல்ல முடியும்.